கையில் நாலு கட்டுரை

"இதுவரை என்ன எழுதியிருக்கீங்க?" புதிதாக எழுத வருபவரிடம் பத்திரிகை ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். யாராவது வாய்ப்புத் தரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விடியற்காலையில் உங்கள் ஊர்ச் சந்தைக்குப் போங்கள். கத்தரிக்காய் ஏலம் எப்படிப் படிகிறது என்று நின்று பாருங்கள். விவசாயியிடமும் பேசுங்கள், கமிஷன் கடைக்காரரிடமும் பேசுங்கள். 600 சொற்களில் எழுதி, பெயரையும் விலையையும் சரிபாருங்கள். காசு வராத கட்டுரைதான், ஆனால் உங்கள் உழைப்பு அதில் தெரியும். சிறிதாகத் தொடங்குவதில் தவறில்லை; விகடன் வழியாக வீடுதோறும் அறிமுகமாகும் முன்பே 'சரஸ்வதி' போன்ற சிற்றிதழ்களில் கதைகள் எழுதியவர்தான் எழுத்தாளர் ஜெயகாந்தன். இப்படி நாலு கட்டுரை தேறியதும் ஒரே பிடிஎஃப்பாக்குங்கள். ஆகச் சிறந்தது முதலில் இருக்கட்டும். வேலை நெருக்கடியில் ஆசிரியர் பெரும்பாலும் அதை மட்டும்தான் முழுதாகப் படிப்பார்.