முயற்கூடும் சேதனையும்



முன்னர் மைசூர் மாவட்டத்தோடிருந்து 1997இல் சாமராஜநகர மாவட்டத்திற் சேர்ந்த மார்டள்ளிப் பகுதியில், மலையடிவாரத்தே வாழும் நம் தமிழ்மக்களுட் சிலர் நமக்கொரு வினா விடுத்துள்ளனர். மழை பொய்த்தால் மானாவாரி நிலம் கைவிடுகிறது. கூலிக்கு வெளியூர் அலைய வேண்டியிருக்கிறது. ஆகையால் வீட்டுப்புறத்தே இறைச்சி முயல் வளர்த்தல் பஞ்சசீலத்துக்குப் பொருந்துமா என்கின்றனர். அவருள் ஒருவர், “கூட்டை விசாலமாகக் கட்டினால் இறைச்சியும் நன்றாகுமாம், பாவமும் குறையுமன்றோ?” என்று சேர்த்துக் கேட்டார். இந்தப் பிற்பகுதியே நம்மைச் சில நாள் சிந்திக்க வைத்தது.

முற்பகுதிக்கு விடை சுருக்கமானது. உபாசகருக்கு விலக்கிய வாணிபம் ஐந்தென அங்குத்தர நிகாயம் கூறும்: ஆயுதம், உயிர்ப்பிராணி, இறைச்சி, மது, நஞ்சு. முயலை இறைச்சிக்கென வளர்த்து விற்றல் இவற்றுள் இரண்டிற்படும். இதனை மழுப்பிக் கூற நமக்கு உரிமையில்லை. புலால் உண்டவர் இழிந்தோர் என்று நம் பாட்டன்மாரை ஊர்ப்புறத்தே ஒதுக்கிய வாதத்தையும் நாம் ஏற்றோமில்லை. தனக்கெனக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் பெற்ற ஊனைப் பிக்குகளுக்கே ஜீவக சூத்திரம் தடுக்கவில்லை. ஆயின் உண்பது வேறு, விற்பதற்கென்று உயிரைப் பிறப்பிப்பது வேறு. (பட்டுப்புழு வளர்க்கலாமே என்று சொல்லித் தப்பவும் வழியில்லை, கொள்ளேகாலத்துப் பட்டுக்கூட்டினுள்ளும் உயிர் வேகிறது. பண்ணைத் தொழிலில் பெரும்பணம் என்பாரை நம்புவோர், 2012இல் கொங்குநாட்டில் ஈமுக்கோழிப் பண்ணைகள் சரிந்த கதையை நினைத்துக்கொள்வாராக.)

எனினும் ஏற்கெனவே முயல் வைத்திருப்போர் உளர். “விலக்கப்பட்டது” என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுவது பிரசங்கிக்கு எளிது. கூட்டிலிருக்கும் முயலுக்கு அதனால் ஒரு பயனுமில்லை. ஆதலின் கூட்டைப் பார்ப்போம்.

வளர்ப்பு முயலின் முன்னோர் ஐரோப்பாவின் தென்மேற்கில் மண் தோண்டி வளையில் வாழ்ந்தவை. புதரில் பதுங்கும் நம் காட்டுமுயல் வேறினம். அதனை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் காக்கிறது. மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தார் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இனங்களைக் கொடைக்கானலையடுத்த மன்னவனூரின் குளிரிலே வைத்து வளர்ப்பது காரணமின்றியன்று. முயலுக்கு வியர்வை ஏறக்குறைய இல்லை. உடற்சூட்டைப் பெரிதும் காது வழியே போக்குகிறது. பதினைந்து முதல் இருபது டிகிரி அதற்கு இதம். முப்பதைத் தாண்டினால் வருத்தம். முப்பத்தைந்துக்குமேல் உயிருக்கே மோசம். சமவெளியில், சித்திரை வெயிலில், தாழ்ந்த தகரக் கூரையின்கீழ் அடைக்கப்பட்ட முயலின் நிலையை உய்த்துணர்க.

தரையோ இன்னும் சங்கடமானது. கம்பிவலைத் தரை கழிவைக் கீழே விழச்செய்து காக்சிடியா என்னும் கழிச்சல் நோயைக் குறைக்கிறது. அதே கம்பி கனத்த தாய்முயலின் பின்னங்காலடியைப் புண்ணாக்குகிறது. வைக்கோல் பரப்பினால் கால் பிழைக்கும், நோய்க்கிருமி தங்கும். ஓரடி உயரக் கூட்டில் முயல் பின்னங்காலில் எழுந்து காதை நிமிர்த்தவியலாது. தாவ இடமின்றி அதன் எலும்பும் வலுக்குன்றும்.

இறைச்சியைப் பற்றி அன்பர் கேள்வியுற்றதும் பொய்யன்று. ஓடியாட இடம்பெற்ற முயலுக்குக் கொழுப்புக் குறைந்து பின்தொடைத் தசையின் பங்கு கூடுவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நெருக்கி ஏற்றப்பட்டு, நெடுநேரம் நடுங்கியபின் கொல்லப்பட்ட பிராணியின் தசையிற் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோக, வேண்டிய புளிப்புப் பிறவாமல், ஊன் கறுத்து இறுகி விரைவில் கெடும். அச்சம் ஊனிலும் தங்குகிறது.

ஆனால் இலாபமும் இரக்கமும் கடைசிவரை ஒருவழியே செல்வனவல்ல. அகன்ற பட்டியில் ஓடும் முயல் தின்றதை ஓட்டத்திற் செலவிடும். எடை ஏறத் தாமதிக்கும். பன்னிரண்டு வாரத்தை அண்மும்போது ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கும். வளர்ப்பவனுக்கு நஷ்டம். இறைச்சியின் பொருட்டே கூட்டை அகலித்தவன் இவ்விடத்தில் அதனைச் சுருக்குவான். அவனிடமிருந்தது கணக்கு. கணக்கால் அகன்ற கூடும் முயலுக்கு அகன்ற கூடே. அந்நன்மையை நாம் இகழோம். ஆயினும் கம்மமென்பது சேதனை, அதாவது உளக்கருத்து என்பது பகவன் கொள்கை. அக்கருத்து நஷ்டத்திலன்றி வெளிப்படாது.

ஆலைத்தொழிலாளராயிருந்த நமக்கு இது புதிதன்று. லைன் வீடுகளில் காய்ச்சல் பரவி ஆள்வரவு குறைந்த ஆண்டு ஜன்னல் வைத்தார்கள். வாயிலில் வேலைதேடி ஆட்கள் குவிந்த ஆண்டு உடைந்த ஜன்னல் உடைந்தபடியே கிடந்தது. காற்று வந்ததற்கு மகிழ்ந்தோம். வைத்தவர் நம்மை மனிதரென்று கண்டார் என எண்ணினோமில்லை.

சந்திரனிலுள்ள முயலின் கதையை, சச ஜாதகத்தை, நம் குழந்தைகளும் அறிவர். பசித்து வந்த பிராமணனுக்குத் தன்னுடலையே உணவாக்கத் துணிந்த முயல், தீயிற் பாயுமுன் மும்முறை உடலை உதறியது. தன் உரோமத்திற் குடியிருந்த பூச்சிகள் தன்னோடு வேகலாகாதென்று. தன் உயிரே போகும் வேளையிலும் தன்மேற் குடியிருந்தோரை அது எண்ணிற்று.

ஐரோப்பாவில் ஆஸ்திரியா இறைச்சி முயலைக் கூண்டிலடைப்பதை 2012 முதல் விலக்கியது. கூண்டுமுறை ஒழிகவென ஏறத்தாழப் பதினான்கு இலட்சம் பேர் கையொப்பமிட்டு 2020இல் ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்தனர். 2023க்குள் சட்டவரைவு தருவதாக ஆணையம் 2021இல் வாக்களித்து, அக்கெடுவிற் தரவில்லை. மார்டள்ளியார் அதற்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. கூரைமேல் ஓலை, கம்பியின்மேல் ஒரு பகுதிக்குப் பலகை, ஈனும் தாய்க்கு இருண்ட பெட்டி, கொறிக்க மரக்குச்சி, இரண்டடிக்குக் குறையாத உயரம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. புதிதாக இனம் பெருக்காமல் நிறுத்தி, இருப்பவற்றை எருவுக்காக வைத்துக்கொள்ள இயலுமா என்றும் பார்க்கலாம். முயற்புழுக்கை காய்கறிக்கு நல்ல உரம். கூட்டை அகலித்தபின் ஏற்படும் செலவையும், குறையும் எடையையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, வைசாகப் பௌர்ணமிக் கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு அவர்களுக்குத் தெரிவித்துள்ளோம்.