குடுமி அவருக்கு, அருள் எல்லோருக்கும்

அரசனுக்குக் கொடுத்த பிரசாதப் பூவில் ஒரு முடி இருந்தது. மாட்டிக்கொண்ட அர்ச்சகர், சுவாமிக்கே குடுமி உண்டு என்று சொல்லிவிட்டார். அவரைக் காப்பாற்ற லிங்கம் குடுமியோடு காட்சி தந்தது. குடுமியான்மலையில் பிறந்த எவருக்கும் இந்தத் தலபுராணக் கதை மனப்பாடம். குடுமி எங்கள் சிகாநாதருக்கே உரியது. தஞ்சைப் பெருவுடையாருக்கு அது கிடையாது. அருளும் அப்படி இந்த ஒரு லிங்கத்தின் சொத்தா?

புதுக்கோட்டையில் ஜாவா சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்டாட்டிக் பாடம் நடத்தும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும். ஒரு கிளாஸிலிருந்து எத்தனை ஆப்ஜெக்ட் உருவாக்கினாலும் ஸ்டாட்டிக் உறுப்பு ஒன்றேதான். அது கிளாஸுக்குச் சொந்தம். ஆனாலும் ஏதாவதோர் ஆப்ஜெக்டின் பெயரைச் சொல்லி அதை எடுக்க ஜாவா விடுகிறது. அந்தப் பெயர் கொண்ட வேரியபிளில் ஆப்ஜெக்டே இல்லாமல் நல் (null) இருந்தாலும் அழைப்பு பலிக்கும். கம்பைலர் பார்ப்பது வேரியபிளின் டைப்பைத்தான். சி ஷார்ப் இதற்குச் சம்மதிக்காது. கிளாஸின் பெயராலேயே கூப்பிடு என்று பிழை காட்டும்.

இறைவனை அழைக்க உருவம் எதற்கு, நேரே அழையுங்கள் என்பவர்களின் வழியும் சி ஷார்ப்பின் வழிதான். 1872இல் வடலூர் சத்திய ஞான சபையில் வள்ளலார் ஜோதியை வைத்தார், அவரை வணங்குகிறேன். நானோ சிகாநாதர் சந்நிதியில் நிற்பவள். ஓர் உருவத்தின் வழியே பொதுவானதை அழைப்பதில் குற்றம் காணவில்லை. அந்த உருவத்துக்கும் அதைச் சூழ்ந்து நிற்கும் சிலருக்கும் மட்டுமே அருள் சொந்தம் என்று நினைக்கும்போதுதான் குற்றம் தொடங்குகிறது.

ஜாவாவில் வேறொரு த்ரெட்டின் பெயரைச் சொல்லி, ஸ்டாட்டிக் மெத்தடான ஸ்லீப்பை அழைத்துப் பாருங்கள். அந்த த்ரெட் தன்பாட்டுக்கு ஓடும்; அந்த வரியை இயக்கும் த்ரெட்தான் தூங்கிப்போகும். பிறரை வாசலில் தடுப்பவருக்கும் இதே கதிதான். வெளியே நிற்பவரிடமிருந்து அருள் விலகுவதில்லை. தடுத்தவரே அதை இழக்கிறார்.

எங்கள் மாவட்டத்து இறையூரில், 2022 டிசம்பரில், அய்யனார் கோயிலுக்குள் பட்டியலின மக்களை மாவட்ட ஆட்சியரே அழைத்துப்போக வேண்டியிருந்தது. அதே மாவட்டத்தில்தான், எங்கள் மலைமேல், நாயன்மார் அறுபத்து மூவரையும் பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். நடுவே ரிஷபத்தின்மேல் அம்மையப்பர். அந்தணர் சம்பந்தர், வேடர் கண்ணப்பர், தில்லை எல்லையில் தயங்கி நின்ற நந்தனார் எல்லோருக்கும் ஒரே பாறை.

குடுமி சிகாநாதருடையதாகவே இருக்கட்டும். அருளுக்கு உரிமை கொண்டாடி எவரையும் வாசலில் நிறுத்தாதீர்கள்.