யாருக்காக இந்த ஓட்டம்?

கதிரவன் தலைகாட்டுமுன்பே திருச்செந்தூரிலே கூட்டம் கூடிவிடுவது புதுமையன்று. கடலாட வந்தோர், நடந்தே வந்த களைப்பிலே மணலிற் சாய்ந்தோர், கடை விரிப்போர் என்று நாளும் காணும் காட்சிதான். அண்மையில் ஒரு காலையிலே நாம் கண்டதோ வேறு. ஊருக்கு வெளியே, சாலையோரத்திலே, மார்பில் எண் எழுதிய சீட்டைக் குத்திக்கொண்டு ஆடவர் பலரும் பெண்டிர் சிலரும் அணிவகுத்து நின்றனர். சீழ்க்கை ஒலித்தது, ஓடினர். பத்துக் கிலோமீட்டர்! துரத்துவார் எவருமில்லை. துரத்திப் பிடிக்கவேண்டிய பொருளும் முன்னே இல்லை.

முதலில் வந்தவருக்குக் கோப்பை கொடுத்தார்கள். அது இருக்கட்டும். நம் கண் நிலைத்தது, அறுபது பேருக்குப் பின்னால் வந்த ஒருவர்மீது. நாற்பது வயதிருக்கும். கோட்டைக் கடந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. தேநீர்க் கடையிலே நின்ற பெரியவர் விடுவாரா?

"என்னடே, இம்புட்டு ஓடி என்ன கெடச்சுது?"

"ரெண்டு நிமிசம் அண்ணாச்சி."

சென்றமுறை 63 நிமிடமாம்; இம்முறை 61. பெரியவர் சிரித்தார், கடையே சிரித்தது. நாமும் சிரித்தோம், மறைப்பானேன்! ஆனால், வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு நிமிடம் நம்மை விட்டபாடில்லை.

ஒருவன் தனக்கென ஓர் இலக்கு வகுத்துக்கொண்டு, அதை எட்டப் பாடுபட்டு, எட்டியதும் மகிழ்கிறான். இது அறமா, தன்னலமா? நாட்டிலே ஆயிரம் குறையிருக்க, நிமிடத்தை எண்ணிக்கொண்டிருப்பது வீண் வேலை என்பார் உளர். அவர்களும் நல்லவர்களே, ஊருக்கு உழைப்பவர்களே. ஆகவேதான் அவர்களுக்கு விடை கூறவேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்றுண்டு. திருச்செந்தூர் முதல் பாஞ்சாலங்குறிச்சி வரை வழிநெடுக மணி மண்டபங்கள் இருந்தனவாம். கோவிலிலே உச்சிவேளைப் பூசை முடிந்ததும் முதல் மண்டபத்து மணி ஒலிக்கும். அதைக் கேட்டு அடுத்த மண்டபத்தான் அடிப்பான். அதைக் கேட்டு அதற்கடுத்தவன். ஒலி இப்படி ஓடி ஓடிக் கோட்டைக்குள் நுழைந்த பிறகே கட்டபொம்மன் உண்ண அமர்வானாம். 1799-இல் கயத்தாற்றிலே தூக்குக் கயிற்றை முத்தமிட்ட வீரன் அவன். அந்த வீரத்தை நாம் குறைத்துப் பேசோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: மண்டபந்தோறும் உச்சி வெயிலிலே மணிக்கயிற்றைப் பிடித்து நின்றானே ஒருவன், அவன் எப்போது உண்டான்? கதையிலே மன்னன் பசிக்கு இடமிருக்கிறது. அவன் பசிக்கு இல்லை.

நம் நாட்டிலே ஓட்டம் என்பதே நெடுங்காலம் பிறருக்காக ஓடியதுதான். பல்லக்கைத் தோளிலே தாங்கி ஓடியவன் ஊர்போய்ச் சேர்ந்தான் என்று யாரும் சொல்வதில்லை. உள்ளே இருந்தவர்தான் சேர்ந்தார்! அண்டையிலே திருவிதாங்கூரில் அஞ்சலோட்டக்காரன் மணி கட்டிய கோலுடன் ஓடுவான். எதிர்ப்படுவோர் விலகி வழிவிட வேண்டும். மதிப்பு அவனுக்கா? இல்லை, அவன் தோளிலே தொங்கிய பைக்கு!

அந்த நாற்பது வயதுக்காரரிடம் பிறகு பேசினோம். அவர் தகப்பனார், தேரிக்காட்டிலே பனையேறி. பாளை சீவ நாளுக்கு இருமுறை மரம் ஏறுவார். முப்பது மரம், மரத்துக்கு ஐம்பதடி என்று கணக்கிட்டுப் பாருங்கள்: நாளொன்றுக்கு 3,000 அடி ஏற்றம், அவ்வளவே இறக்கம். அந்த ஏற்றத்துக்குக் கடிகாரம் பிடித்தவர் யார்? நேற்றைவிட இன்று விரைந்து ஏறினாய் என்று தட்டிக்கொடுத்தவர் யார்? அவர் இறக்கிய பதநீரை அடுப்புப் புகையிலே நின்று கருப்பட்டியாகக் காய்ச்சினாள் அவர் மனைவி. கருப்பட்டி கடன் கொடுத்தவன் வீட்டுக்குப் போயிற்று. அந்தப் பனையேறியின் மகன் இன்று ஓடுகிறார். எவர் சுமையும் தோளில் இல்லை. எவர் ஏவலும் செவியில் இல்லை. கிடைத்த இரண்டு நிமிடத்திலே கடன்காரனுக்குப் பங்கில்லை. இதையா தன்னலம் என்பது? அந்தக் குடும்பம் தனக்கென்று பெற்ற முதல் உடைமை அதுவாக இருக்கக்கூடும் என்கிறோம் நாம்.

மேல்நாட்டிலும் கதை பெரிதும் வேறல்ல. மாரத்தான் ஓட்டத்துக்கு 42.195 கிலோமீட்டர் என்ற ஒட்டுச் சில்லறைக் கணக்கு எப்படி வந்தது? 1908 இலண்டன் ஒலிம்பிக்கிலே, விண்ட்சர் அரண்மனையிலே தொடங்கி, அரங்கிலே அரச குடும்பத்தார் அமர்ந்த மேடைக்கு முன்னே முடியுமாறு பாதையை வகுத்தார்கள். 26 மைலுடன் 385 கெஜம் ஒட்டிக்கொண்டது! அந்தத் தூரத்தைத்தான் 1960-இல் ரோம் நகரிலே எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா வெறுங்காலுடன் ஓடி வென்றார். நம் நாட்டுச் சிவநாத் சிங்கும் வெறுங்காலுடன் ஓடிப் பழகியவரே; 1978-இல் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம், நாற்பது ஆண்டுக்கு மேலாக இந்திய நாட்டுச் சாதனையாக நின்றது. விலை உயர்ந்த காலணி வாங்கினால்தான் கால் நகரும் என்று எண்ணும் அன்பர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக. ஓடிய தூரத்தை ஊருக்கெல்லாம் படம் பிடித்துக் காட்டினால்தான் ஓடியதாகப் பொருள் என்று கருதுவோரிடம் நமக்குப் பேச்சில்லை. அவர்களும் பிறருக்காகத்தான் ஓடுகிறார்கள், பாவம்.

ஆனால், நிமிடம் அவருடையது, சாலையோ எல்லோருடையது. அந்தச் சாலை தானாகத் திறந்துவிடவில்லை. 1924-இல் வைக்கத்திலே கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்க உரிமை கேட்டு அறப்போர் நடந்தது. பெரியார் சிறை புகுந்தார். ஓட அல்ல, நடக்க! நடக்கும் உரிமைக்கே சிறை சென்றோர் இருந்ததால்தான், இன்று மார்பிலே எண்ணைக் குத்திக்கொண்டு எந்தக் குலத்தவனும் எந்தக் குலத்தவனுக்கும் பக்கத்திலே நிற்கிறான். ஊருக்கு உழைப்போர் பாடுபட்டது இந்தத் தனிமனிதனின் இரண்டு நிமிடத்துக்காகவுந்தான். அதை அவர்களே வீண் என்று சொல்லலாமா?

வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. 2023 ஆகஸ்டு 6-இல் சென்னையிலே நடந்த கலைஞர் நினைவு மாரத்தானுக்குப் பதிந்துகொண்டோர் 73,206 பேர். அவருள் ஆடவர் 50,629, பெண்டிர் 21,514, மூன்றாம் பாலினத்தார் 1,063. பெருமைப்பட வேண்டிய கணக்கே. எனினும் மூவரில் ஒருவர்கூடப் பெண்ணில்லை. தலைநகரிலே இப்படியென்றால் சிற்றூரிலே கேட்க வேண்டுமா? ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மாரத்தான் 1984-இல்தான் வந்தது. நம்மூர்களிலே வெயிலுக்கு அஞ்சி, இருள் பிரியுமுன் ஓட்டப் பயிற்சி தொடங்குகிறார்கள். இருட்டிலே தனியே சாலைக்கு வரும் உரிமையை நாம் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறோமா? பயிற்சிக்கு வழியில்லாதவள் பந்தயத்துக்கு எப்படி வருவாள்?

அன்று காலை, கோட்டுக்கு அப்பால், பனையேறியின் மகனுடைய செருப்பையும் தண்ணீர்ப் புட்டியையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அவருடைய அண்ணன் மகளாம்; இருபது வயதிருக்கும்.

"நீ ஓடலியாம்மா?" என்றோம்.

"பத்தாப்பு வரைக்கும் ஓடுனேன். அப்புறம் வீட்டுல வேண்டாம்னுட்டாவ."

"எவ்வளவு நேரத்திலே ஓடுவாய்?"

"நானூறு மீட்டரு, எழுபத்திரெண்டு செகண்டு."

நினைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.