தவணை குறித்த மேய்ப்பர்கள்

ஜவ்வாது மலையில் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று எட்டக் கிடப்பவை. இத்தகைய மறைபரப்புத் தளங்களில், குருவானவர் வர இயலாத ஞாயிறுகளில் உபதேசியாரே செபம் நடத்துவது புதிதன்று. இம்மலைப் பகுதியை அரவணைக்கும் வேலூர் மறைமாவட்டம் 1952-இல் உருவானது. அன்று வெளிநாட்டுக் குருக்களை எதிர்நோக்கிய தமிழகத் திருச்சபை, இன்று அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் குருக்களை அனுப்புகிறது. இது வளர்ச்சியா, இழப்பா?

சமயப் பணியாளருக்கெனத் தனி விசாவை அமெரிக்கா 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுத்தது. முதல் அனுமதி 30 மாதங்கள் வரை. மொத்தம் 5 ஆண்டுகள். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான வரிசை 2023-க்குப் பின் மேலும் நீண்டதால், தவணை முடிந்து பங்கைவிட்டு வெளியேற நேர்ந்த குருக்களும் உண்டு.

குருத்துவம் அழியா முத்திரை என்கிறோம். அதற்கு அரசு நாள் குறிக்கலாமா? அரசு குறிப்பது தங்கும் நாளையே, அருள்பொழிவின் எல்லையை அன்று. புனித பவுல் கொரிந்து நகரில் தங்கியது 18 மாதங்களே. ஆயினும் அம்மக்களை அவர் மறக்கவில்லை. 1606-இல் மதுரை வந்த தத்துவப் போதகர் இராபர்ட் தெ நொபிலியோ 1656-இல் மயிலாப்பூரில் இறக்கும்வரை இம்மண்ணுக்கே தம்மை ஈந்தார். குறுகிய காலமும் நெடிய காலமும் இறைவனுக்கு ஏற்புடையவையே. ஆகவே கேள்வி காலத்தைப் பற்றியதன்று, நோக்கத்தைப் பற்றியது.

குருக்கள் கடுமையாகக் குறைந்த இடங்களுக்குச் செல்ல விரும்புவோரை ஆயர் தடுக்கலாகாது என்கிறது திருச்சபைச் சட்டம் 271. ஆனால் சொந்த மறைமாவட்டத்தின் மெய்யான தேவையை அது விலக்காக வைக்கிறது. மறைபரப்புப் பேராயம் 2001-இல் வெளியிட்ட அறிவுரையும், வசதியான வாழ்வை நாடிக் குருக்கள் அயல்நாட்டில் தங்கிவிடும் போக்கைக் குறித்து எச்சரித்தது.

அங்கே மூடப்படவிருக்கும் ஆலயத்தில் திருப்பலிக்குக் காத்திருக்கும் முதியவரும் இறைவனின் பிள்ளையே; அவரைப் புறக்கணிக்க நமக்கு உரிமை இல்லை. அயல்நாட்டு உதவியால் இங்கே பள்ளியும் ஆலயமும் எழுவதும் நன்றே. ஆனால் எழுப்பிய ஆலயத்தில் அப்பம் பிட்க ஆள் இல்லையெனில், கல்லைப் பெற்று மேய்ப்பரை இழந்தவராவோம்.

குருக்களை மட்டும் குறைகூறுவது எளிது. "எங்கள் சாமியார் அமெரிக்காவில் இருக்கிறார்" என்று பெருமைப்படும் நாம், மலையேறிப் பணியாற்றுபவரைப் பற்றி அதே பெருமையோடு பேசுகிறோமா? நாம் எதை உயர்த்திப் பேசுகிறோமோ, அதையே நம் பிள்ளைகள் நாடுவர். கடல் கடக்க விசா வேண்டும். ஜவ்வாது மலை ஏற மனம் மட்டும் போதும். அம்மனத்தை வளர்ப்பது நம் இல்லங்களின் கடமை.