முற்றத்து மல்லிகையும் முஃமினின் மகிழ்ச்சியும்

இளவேனில் சித்திரையில் தொடங்குகிறது என்று இலக்கண நூல்கள் வகுத்துள்ளன. ஆனால் நம் வீட்டு முற்றத்துச் செடிகள் அதுவரை காத்திருப்பதில்லை. மாசிப் பனி விலகத் தொடங்கியதுமே அவை விழித்துக்கொள்கின்றன. நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு நறுக்கிவிடப்பட்டு, வெறும் குச்சியாய் நின்ற குண்டுமல்லி புதுத் தளிர் விட்டு, அத்தளிரின் நுனியில் மொக்குக் கட்டுகிறது. பன்னீர் ரோஜா இதழ் விரிக்கிறது. பங்குனி பிறந்தால் வேம்பும் துளிர்த்துவிடுகிறது. சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு வாசலுக்கு வருகிறவரின் நெஞ்சில், காரணம் சொல்லத் தெரியாத ஒரு மகிழ்ச்சி பிறக்கிறது.

இந்த மகிழ்ச்சியைப் பற்றித்தான் நாம் இங்கே சிந்திக்க விரும்புகிறோம். இது ஷுக்ரைச் சேர்ந்ததா? அல்லது மனிதனை மறதியில் ஆழ்த்தும் துன்யாவின் கவர்ச்சியைச் சேர்ந்ததா?

கேள்வி சிறியதல்ல. நம் இல்லங்களில் அன்றாடம் எழுவதுதான். வயது முதிர்ந்த உம்மா காலையில் அரைமணி நேரத்தைச் செடிகளோடு கழிக்கிறார். "இந்த நேரத்தில் தஸ்பீஹ் ஓதினால் நன்மையாவது கிடைக்குமே, உம்மா!" என்கிறான் மார்க்கப் பற்றுள்ள மூத்த மகன். "இந்த இடத்தில் சிமெண்ட் போட்டால் வண்டியாவது நிறுத்தலாமே, உம்மா!" என்கிறான் இளைய மகன். ஒருவன் மறுமையின் பெயரால் பேசுகிறான். மற்றவன் இம்மையின் பெயரால் பேசுகிறான். இருவரும் வந்து சேரும் முடிவு ஒன்றே: பூவினால் பயனில்லை!

அழகும் ஒரு நிஃமத்தே

திருக்குர்ஆன் இவ்வாறு பேசவில்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கால்நடைகளைப் பற்றி அல்லாஹு தஆலா கூறுவதைக் கவனியுங்கள். அவற்றால் குளிருக்குக் கதகதப்பும், உணவும், இன்ன பிற பயன்களும் உண்டென்று எடுத்துரைக்கிறான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், மாலையில் அவற்றை ஓட்டிவரும்போதும் காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும்போதும் அவற்றில் உங்களுக்கு அழகு இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்கிறான். கம்பளியும் பாலும் இறைச்சியும் நிஃமத் என்றால், கண்டு மகிழும் அழகும் தனியே ஒரு நிஃமத் என்பது இதனால் விளங்குகிறது அல்லவா?

அல்அன்ஆம் அத்தியாயத்தில் மழையையும் பயிரையும் பேரீச்சையையும் திராட்சையையும் மாதுளையையும் கூறிவிட்டு, அவை காய்ப்பதையும் கனிவதையும் பாருங்கள் என்று கட்டளை பிறக்கிறது. உண்ணுங்கள் என்பதல்ல, பாருங்கள் என்பதே அங்கு வரும் சொல்! பார்ப்பதும் அடியானுக்கு இடப்பட்ட ஒரு பணியே.

நல்லாடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ் அழகன், அழகை நேசிப்பவன் என்று விடையளித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று விளக்கினார்கள். நறுமணச் செடியை யாரேனும் கொடுத்தால் மறுக்க வேண்டாம், அது சுமக்க எளியது, மணம் இனியது என்றும் அவர்கள் அறிவுரை கூறியிருப்பதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அங்கே வரும் 'ரைஹான்' என்ற சொல் பொதுவாக நறுமணச் செடிகளையும், சிறப்பாகத் திருநீற்றுப் பச்சிலையையும் குறிக்கும். நோன்புக் காலத்தில் நாம் சர்பத்தில் போடும் சப்ஜா விதை அப்பச்சிலையின் வித்துதான்.

எச்சரிக்கையும் உண்டு

ஆயினும் மூத்த மகனின் கவலையை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மழை பெய்து பயிர் செழித்து, கண்டவர் வியந்து நிற்கும்போதே அது மஞ்சளித்துச் சருகாகிவிடுவதைத்தான் அல்ஹதீத் அத்தியாயம் உலக வாழ்வுக்கு உவமை காட்டுகிறது. அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் வரும் தோட்டக்காரனையும் மறந்துவிடக் கூடாது. இரண்டு திராட்சைத் தோட்டங்கள், சுற்றிலும் பேரீச்சை, நடுவே ஓடும் ஆறு. இவ்வளவும் பெற்றவன், இது ஒருநாளும் அழியாது என்றான். தோழனைப் பார்த்து, செல்வத்தில் நான் உன்னைவிட மேலானவன் என்றான். தோட்டத்துக்குள் நுழையும்போது 'மாஷா அல்லாஹ்' என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்தத் தோழர் கேட்டார். தோட்டம் வைத்ததை அவர் குறை கூறவில்லை. அதைக் கண்டு மகிழ்ந்ததையும் குறை கூறவில்லை. மகிழ்ந்த வாய் கொடுத்தவனின் பெயரைச் சொல்ல மறந்ததையே குறை கூறினார்.

அபூதல்ஹா (ரலி) அவர்களின் தோட்டங்கள்

இந்த இரு பக்கங்களையும் ஒரே மனிதரின் வாழ்வில் காணலாம். மதீனத்து அன்ஸாரிகளுள் பேரீச்சந் தோட்டங்கள் மிகுதியாகப் பெற்றிருந்தவர் அபூதல்ஹா (ரலி) அவர்கள். ஒருநாள் தம் தோட்டத்தில் தொழுதுகொண்டிருந்தபோது ஒரு காட்டுப்புறா உள்ளே வந்து, வெளியேற வழி தேடி இங்குமங்கும் பறந்தது. அக்காட்சி அவருக்கு இனித்தது. கண் அதன் பின்னே சென்றது. திரும்பிப் பார்த்தால் எத்தனை ரக்அத் தொழுதோம் என்பது நினைவில்லை! இந்தச் சொத்தினால் எனக்குச் சோதனை வந்துவிட்டது என்று கலங்கியவர், நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று அத்தோட்டத்தை ஸதக்காவாக ஒப்படைத்தார். இதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா தெரிவிக்கிறது.

அவர் மரங்களை வெட்டிச் சாய்க்கவில்லை என்பதைச் சிந்திக்க வேண்டும். புறாவின் மேலும் பழி போடவில்லை. தொழுகைக்குரிய இடத்தை அழகு பிடித்துக்கொண்டதே அவருக்கு வருத்தம். ஆகவே அந்த அழகைப் பிறருக்கு உடைமையாக்கினார்.

இன்னொரு நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அவருக்கு மிகப் பிரியமான தோட்டம் 'பைருஹா'. பள்ளிவாசலுக்கு எதிரிலேயே இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதனுள் சென்று அதன் நல்ல நீரை அருந்துவது வழக்கம். நேசிக்கும் பொருளிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடையமாட்டீர்கள் என்ற கருத்துள்ள ஆயத்து இறங்கியதும், அபூதல்ஹா (ரலி) அவர்கள் பைருஹாவை அல்லாஹ்வுக்காக என்று அர்ப்பணித்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அகமகிழ்ந்து, உறவினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்படிப் பணித்தார்கள். அக்கிணறு இருந்த இடம் இன்று மஸ்ஜிதுன் நபவியின் விரிவாக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

அந்த ஆயத்து நம்மிடம் கேட்பது எதை? வேண்டாததை அன்று, நேசிப்பதை! எதையும் நேசிக்காத நெஞ்சிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கும்? பைருஹாவின் நிழலில் மகிழ்ந்திராதவருக்கு அதைத் துறப்பதில் தியாகம் ஏது? மகிழ்ச்சியை அறவே கொன்றுவிடுவது பற்றற்ற நிலை ஆகாது. மகிழ்ந்து, அம்மகிழ்ச்சியைக் கையில் இறுக்கிப் பிடிக்காமல் திறந்து வைப்பதே பற்றற்ற நிலை. மல்லிகையே இதைக் கற்றுத் தருகிறது. மாலையில் விரிகிறது, இரவெல்லாம் மணக்கிறது, மறுநாள் வெயிலில் வாடிவிடுகிறது. பெட்டியில் பூட்டிவைக்க முடியாத செல்வம் அது. அன்றைக்கே கொடுத்தால்தான் உண்டு.

நம் முற்றத்தில்

ஆகவே நமக்குப் பைருஹா இல்லாவிட்டாலும், நான்கு தொட்டிச் செடிகள் போதும். அவற்றைக் கண்டதும் 'மாஷா அல்லாஹ்' என்போம். ஜமாஅத்தின் நேரத்தை அவை விழுங்காமல் பார்த்துக்கொள்வோம்.

நீரில் கவனம் வேண்டும். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றதைக் கண்டோம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒளூச் செய்தது ஒரு 'முத்' நீரில். ஏறக்குறைய ஒரு லிட்டருக்குள் அடங்கும் அளவு அது. நாமோ குழாயைத் திறந்துவிட்டு வாளிக் கணக்கில் ஓட விடுகிறோம். ஒளூச் செய்து வடியும் நீரால் மீண்டும் ஒளூச் செய்ய இயலாதெனினும், அது அசுத்தமன்று. சிறு வாய்க்கால் வெட்டி அதைச் செடிக்குத் திருப்பினால் வீண் விரயமும் குறையும், மல்லிகையும் செழிக்கும்.

பூவைப் பகிர்வதிலும் கவனம் வேண்டும். பறித்த மொக்கில் ஒரு கைப்பிடி அடுத்த வீட்டுக்குப் போகட்டும். அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் சரியே. நம் வீட்டிலேயே ஒருவர் விடுபட்டுப் போவதையும் கவனிக்க வேண்டும். கணவனை இழந்த பெண் அலங்காரத்தைத் தவிர்க்க வேண்டியது இத்தாக் காலமாகிய 4 மாதம் 10 நாள் வரைதான். கர்ப்பிணியாயின் பிரசவம் வரை. அதன்பின் வாழ்நாள் முழுதும் பூ விலக்கப்பட்டது என்பது ஊர் வழக்கமேயன்றி மார்க்கமன்று. செடிக்கு நீர் ஊற்றுகிறவர் அவர், மொக்குப் பறித்துத் தொடுக்கிறவர் அவர், ஆனால் சரத்தை நீட்டும்போது மட்டும் அவரைத் தாண்டிக் கை போகிறது என்றால் அது எவ்வளவு பெரிய அநீதி! அல்லாஹ் ஹலாலாக்கியதை நாம் ஹராமாக்க யார்?

இனி, அந்த இரு மகன்களுக்கும் நாம் சொல்வது இதுதான். மூத்தவரே, உம்மாவின் உதடுகளை உற்றுப் பாருங்கள். செடிகளுக்கிடையே நிற்கும்போதும் அவை 'ஸுப்ஹானல்லாஹ்' என்று அசையக்கூடும். இளையவரே, வண்டிக்கு வேறு இடம் தேடலாம். உம்மாவுக்கு இன்னும் எத்தனை மாசி பங்குனி என்பதை நாம் அறியமாட்டோம். சிமெண்ட் பூசுவதற்குமுன் ஒரு காலை நேரம் அவருடன் நின்று அந்த மொக்குகளைப் பாருங்கள்.

அழகைக் கண்டு மகிழவும், மகிழ்ந்ததைப் பகிரவும், பகிர்ந்தபின் தந்தவனை மறவாதிருக்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.