வயிறு எரிகிறவள்

"மேடம், 'ஈட் யுவர் ஹார்ட் அவுட்' என்றால் என்ன?" என்று ஒரு மாணவி கேட்டாள். "எனக்குக் கிடைத்துவிட்டது, நீ பார்த்து வயிறெரி" என்றேன். வகுப்பு சிரித்தது. பொருள் சரிதான். ஆங்கிலத்தில் தின்னப்படுவது இதயம், நமக்கு எரிவது வயிறு.

ஆனால் நெஞ்சைத் தின்பது என்ற உருவகம் மிகப் பழையது. ஹோமரின் இலியட் காவியத்தின் இறுதியில், நண்பனை இழந்து உண்ணாமல் உறங்காமல் கிடக்கும் அக்கிலீசிடம், எத்தனை நாள் இப்படி நெஞ்சைத் தின்றுகொண்டிருப்பாய் என்ற பொருளில் அவன் தாய் கேட்கிறாள். அங்கே அது துக்கம். துக்கத்துக்கு இருந்த சொல் பின்னாளில் ஏளனமாகிவிட்டது. என் வீட்டிலும் அதுவே நடந்தது.

படப்பையில் எங்களுக்குப் பரம்பரை நிலம் உண்டு. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். 1988இல் அவளுக்குக் கல்யாணம். 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு தந்தது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் மணமானவர்களை விலக்கியது. பள்ளிச் சிறுமியான எனக்குப் பங்கு உண்டு. அதே நிலத்தில் களை பறித்த அக்காவுக்கு இல்லை. 2003இல் பாகப்பிரிவினை பதிவானது. 2005இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கை நீக்கியபோதும், 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகங்களைத் தொடவில்லை.

ஒரகடத்தில் ஆலைகள் வந்தன, நிலத்தின் விலை ஏறியது. என் பங்கில் வீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்தன்று அக்கா ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். கிணறு இருந்த இடத்தில் சற்று நின்றாள். "நல்லாருக்குடி" என்றாள். சாப்பிடாமல் கிளம்பினாள். "வயித்தெரிச்சல்" என்றார்கள் உறவினர்கள். நான் மறுக்கவில்லை. மாலையில் பூசணிக்காய் சுற்றி உடைத்தபோது, அவள் கண்ணை நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

வள்ளுவர் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரம், வெஃகாமைக்கு அடுத்த அதிகாரம் வைத்தார். பிறர் ஆக்கம் பொறுக்காதது ஒன்று, பிறர் பொருளை விரும்புவது மற்றொன்று. இரண்டிலும் பொருள் பிறருடையது. தனக்கும் உரியதாக இருந்திருக்க வேண்டியதைப் பார்த்து ஏங்குவது இரண்டிலும் அடங்காது. அது இழப்பு. அதைப் பொறாமை என்று சொன்னால் குறை அவள் மனத்தில் இருக்கிறது. இழப்பு என்று சொன்னால் என் பத்திரத்தில் இருக்கிறது. எந்தச் சொல் எனக்கு வசதி என்பது வெளிப்படை.

பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று ஊர் சொல்வதும் இப்படித்தான். கோடு கிழித்தவர்கள் கண்ணில் படுவதில்லை, கோட்டின் இருபுறமும் நிற்கும் அக்காவும் தங்கையும் மட்டுமே தெரிகிறார்கள்.

என் பங்கில் பாதியை அக்காவுக்கு எழுதிக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை. இதை எழுதும்வரை நான் கொடுக்கவில்லை. மாணவிக்குச் சொன்ன பொருளை நாளை வகுப்பில் திருத்திவிடலாம். அக்காவிடம் திருத்தப் போகும்போது கையில் பத்திரம் இருக்க வேண்டும்.