கடன்பட்ட மூச்சு: இசையுரிமை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஓர் இனத்தின் துயரிலே பிறந்த இசையை, அத்துயரை அனுபவியாத பிறிதோர் இனத்தவன் பயின்று வாசிப்பது தகுமா? தகுமெனின், அத்தகுதியை அவனுக்கு அளிப்பது யாது? இவ்வினா வேண்டாத விசாரணையாகச் சிலருக்குத் தோன்றலாம். பாட்டுக் காற்றில் வருகிறது, கேட்டவன் பாடுகிறான், இதில் அறத்துக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கக்கூடும். ஆயினும் ஒரு பாட்டினால் யார் பெயர் பெற்றார், யார் பொருள் பெற்றார், யார் மறக்கப்பட்டார் என்று கேட்கத் தொடங்கியதும் அது அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

ஹற்றனிலிருந்து டிக்கோயா ஊடாக வரும் பாதை, பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் பிரிந்து செல்லும் இடத்தில் அமைந்தது நோர்வூட். அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றிலே, லயக் காம்பராவின் வாசலில் அமர்ந்து ஓர் இளைஞன் மவுத் ஓர்கன் பயில்கிறான் எனக் கொள்க. அவன் பயில்வது சினிமாப் பாட்டன்று; கைப்பேசியில் கேட்ட, ஐக்கிய அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ஃபங்க் பாடல்கள். அவனைக் கண்டோர் இருவகைத் தீர்ப்பு வழங்கக்கூடும். "இது நம்முடையதன்று, நமக்கெதற்கு?" என்பார் ஒருவர். "அவர்களும் தோட்டங்களில் உழைத்து நலிந்தவர்கள், நாமும் அவ்வாறே, ஆகையால் இது நம்முடையதே" என்பார் மற்றவர். முன்னவர் பிறப்பை உரிமையின் அளவுகோலாகக் கொள்கிறார்; பின்னவர் துயரைக் கொள்கிறார். இவ்விரு அளவுகோல்களும் போதுமானவையா என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் கருவியை நோக்குதல் தகும். ஹார்மோனிக்கா எனப்படும் மவுத் ஓர்கன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் உருப்பெற்றது. 1857இல் ட்ரொஸ்ஸிங்கன் என்னும் ஊரில் மத்தியாஸ் ஹோனர் தொடங்கிய தொழில் அதனை உலகெங்கும் பரப்பியது. ப்ளூஸ் இசைக்குப் பயன்படும் சிறு கருவியில் பத்துத் துளைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஊதும்போது ஒரு சுரமும், மூச்சை உள்ளிழுக்கும்போது வேறொரு சுரமும் எழும். ஐரோப்பிய நாட்டார் மெட்டுக்களுக்கு ஏற்பவே அச்சுரங்கள் அடுக்கப்பட்டன. கீழ்ப்பகுதியில் இரண்டு சுரங்கள் விடுபட்டும் இருந்தன.

கறுப்பினக் கலைஞர் இக்கருவியின் இயல்பையே மாற்றிக் கையாண்டனர். ஊதுதலுக்கு முதன்மை தந்து செய்யப்பட்ட கருவியில் அவர்கள் உள்ளிழுத்தலுக்கு முதன்மை தந்தனர். ஸீ சுருதிக்கென அமைந்ததை ஜீ சுருதியில் வாசித்தனர். வாயறையின் வடிவையும் நாவின் நிலையையும் மாற்றி, உள்ளிழுக்கும் சுரத்தைக் கீழ்நோக்கி வளைத்தனர். செய்தவன் வைக்காத சுரங்கள் அவ்வளைவிலே பிறந்தன. மூச்சாலும் உதட்டாலும் சுரத்தை இழைக்கும் நாகசுரத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு இந்நுட்பம் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. 1952இல் லிட்டில் வால்ட்டர் ஒலிபெருக்கியினூடாக வாசித்த 'ஜூக்' வெளிவந்தபோது, சிறுவர் விளையாட்டுப் பொருள் என எண்ணப்பட்ட கருவி ஒரு பெருநகரத்தின் குரலாக ஒலித்தது.

வரலாற்றில் கருவிகள் கைமாறுவது புதிதன்று. ஐரோப்பிய வயலினைப் பாலுசுவாமி தீட்சிதர் பயின்று கர்நாடக இசைக்கு ஆக்கித் தந்ததைக் குற்றமாகக் கருதுவார் எவருமிலர். ஆனால் அங்கே கைமாறியது கருவி மட்டுமே. அதில் ஒலித்தது தீட்சிதர் மரபின் இசை. நோர்வூட் இளைஞனின் நிலை அதனின் வேறானது. அவன் கருவியோடு இசையையும் எடுக்கிறான். ஆதலின் வயலினின் வரலாறு அவனுக்கு முழு விடையாகாது.

பிறப்பே உரிமை தரும் என்ற வாதத்தை இனி நோக்கலாம். சோல் இசை, கறுப்பினத் தேவாலயங்களின் பாடல் முறை உலகியற் பாட்டுக்குள் நுழைந்ததால் உருவானது. அதனைப் பாடியோரும் வளர்த்தோரும் பெரும்பாலும் கறுப்பினத்தவர். எனினும், இனப் பிரிவினை நிலவிய மெம்பிஸ் நகரில், 1962இல் 'கிரீன் ஒனியன்ஸ்' என்ற இசையை வெளியிட்ட புக்கர் டீ அண்ட் த எம்.ஜீஸ் குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே வாசித்தனர். 'வார்' என்னும் குழுவில் ஹார்மோனிக்கா வாசித்த லீ ஆஸ்கர், கோப்பன்ஹேகனில் பிறந்த டேனிஷ்காரர். 1975இல் வெளிவந்த 'லோ ரைடர்' பாடலின் புகழ்பெற்ற இசைத்தொடரில், சார்ல்ஸ் மில்லரின் சாக்ஸஃபோனும் அவருடைய ஹார்மோனிக்காவும் ஒரே குரலாய் இணைகின்றன. பிறப்பு ஒன்றே அளவுகோலாயின், அவ்விணைவின் ஒரு பாதியைச் செல்லாதென விலக்க வேண்டியிருக்கும்.

பாட்டின் இயல்பும் இவ்வாதத்துக்கு மாறானது. 'ரெஸ்பெக்ட்' என்ற பாடலை 1965இல் ஓட்டிஸ் ரெடிங் பாடியபோது, அது வீடு திரும்பும் ஆடவன் துணைவியிடம் கேட்கும் மதிப்பு. 1967இல் அரீத்தா ஃப்ராங்க்ளின் அதனைப் பாடியதும், பெண்ணொருத்தி கேட்கும் மதிப்பாக அது மாறியது. தம் மானத்துக்காகப் போராடிய மக்களெல்லாம் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். பாட்டு ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குச் செல்லும்போது சிதைவதும் உண்டு, வளர்வதும் உண்டு. அப்பயணத்தையே தடுத்தல் பாட்டின் உயிரைத் தடுத்தலாகும்.

இரண்டாம் வாதம் உள்ளத்தைத் தொடுவது. ஆதலினாலேயே எச்சரிக்கையோடு ஆராயப்பட வேண்டியது. மலையகத் தமிழரின் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து, முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தனர்; பலர் வழியிலேயே மாண்டனர். கங்காணியின் கணக்கில் ஏறிய கடன் அவர்களைப் பிணித்தது. கடன் எவ்வளவெனக் குறித்த 'துண்டு' இன்றி வேறு தோட்டத்தில் வேலை பெற இயலாதிருந்த முறை, 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்க 2003இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது. இவை சிறிய துயரங்கள் அல்ல.

எனினும் இவை அமெரிக்க அடிமைமுறையோடு ஒன்றல்ல. அங்கே, 1865இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை, மனிதனே உடைமையாக விலை கூறப்பட்டான். தாயிடமிருந்து பிள்ளை பிரித்து விற்கப்பட்டது. இங்கே கடன் மனிதனைக் கட்டியது. அங்கே மனிதனே சொத்தாக எழுதப்பட்டான். இவ்வேறுபாட்டை மறைத்து "எல்லாம் ஒன்றே" என்பது இரு துயரங்களையும் சரிவரக் காணாமையாகும். மேலும், துயரை ஈடாக வைத்துப் பிறர் பொருளுக்கு உரிமை கோருவது துயரை நாணயமாக்குவதாகும். ஒப்புமை ஒருவனைச் செவிசாய்க்கத் தூண்டலாம். அது உறுதிப்பத்திரம் ஆகாது.

அவ்வாறாயின் தவறு எங்கே நிகழ்கிறது? 1955இல் லிட்டில் ரிச்சர்ட் பாடிய 'டூட்டி ஃப்ரூட்டி'யை 1956இல் பட் பூன் என்ற வெள்ளையினப் பாடகர் மென்மைப்படுத்திப் பாடினார். விற்பனைப் பட்டியலில் மூலத்தைவிட மேலே சென்றது அவர் பாடியதே. 1970இல் வெளிவந்த ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி ட்ரம்மர்' என்ற இசைத்தட்டில் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் வாசித்த சில கணநேர மேளத் துண்டு, பின்னர் எண்ணற்ற பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. பாடலின் ஆக்குநராகப் பதிவாகியிருந்தவர் பிரவுன். அம்மேளத்தை அடித்த கைகளுக்கு உரிய பங்கு சேரவில்லை. 2017இல் ஸ்டபில்ஃபீல்ட் காலமானார். முதல் நிகழ்ச்சியில் இழைத்தவன் வெள்ளையன். இரண்டாவதில் கறுப்பினத்தாரிடையே கூட அநீதி நிகழ்ந்தது. எனவே தீங்கு பாடுவதில் இல்லை. மூலத்தை மறைத்துப் பயனைக் கவர்வதில் உள்ளது. எடுத்தவன் யார் என்பதைவிட, எடுத்ததை அவன் எங்ஙனம் ஏற்றுக்கொண்டான் என்பதே அறத்தின் கேள்வி.

ஏற்றுக்கொள்ளும் முறையைப் பயிற்சியே கற்பிக்கிறது. சோல், ஃபங்க் பாடல்கள் பலவற்றில் ஹார்மோனிக்காவுக்கெனத் தனிப்பகுதி இராது. பயில்பவன் ட்ரம்பெட், சாக்ஸஃபோன் முதலிய ஊதுகருவிகள் சேர்ந்தொலிக்கும் குறுந்தொடர்களையோ, பாடகரின் குரலையோ எடுத்துத் தன் பத்துத் துளைகளுக்கு ஏற்ப அமைத்தல் வேண்டும். ஃபங்க் இசை, தாள வட்டத்தின் முதலடியில் ஊன்றி நிற்பது. தமிழிசையாளர் சமம் என்னும் இடத்தைப் போன்றது அது. அவ்வடியில் அனைவரும் கூடுவர். பின்னர் ஒவ்வொருவரும் சிறிது ஒலித்து, மற்றவர்க்கு இடம்விட்டு ஒதுங்குவர். புதிதாகக் கற்பவன் இடைவெளி கண்ட இடமெல்லாம் சுரத்தைக் கொட்டி நிரப்ப விழைவான். அவ்விடைவெளியே அவ்விசையின் எலும்பு என்பதை உணரும்வரை அவன் வாசிப்பது ஃபங்க் ஆகாது. பிறர்க்கு இடம்விடக் கற்றல் இங்கே இசை நுணுக்கமாகவும் ஒழுக்கமாகவும் ஒருங்கே நிற்கிறது.

கருவி தோற்கும் இடங்களும் உண்டு. சம்பந்தரின் பதிகத்தைத் தம் யாழில் அடக்க இயலாத திருநீலகண்ட யாழ்ப்பாணர், அதனை முறிக்க ஓங்கியதையும், சம்பந்தர் தடுத்து இயன்ற அளவு வாசிக்குமாறு பணித்ததையும் பெரியபுராணம் உரைக்கும். மூலத்தை முழுதும் அடைய இயலாது என்ற உணர்வும், ஆயினும் இயன்றளவு உண்மையாக வாசித்தல் கடன் என்ற உணர்வும் அங்கு ஒன்றுசேர்கின்றன. பிறர் இசையைப் பயில்வோர்க்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.

இவ்விடத்தில் இவ்வாய்வு நோர்வூட்டுக்கே திரும்ப வேண்டியுள்ளது. அதே தோட்டத்தில் தப்பு உண்டு. ஒரு காலத்தில் அதிகாலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியது அது. மாசி மாதக் காமன் கூத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், இழவு வீட்டுக்கும் இன்றியமையாதது அது. திணைதோறும் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைத் தொல்காப்பியம் எண்ணியது. பிற்காலச் சமூகமோ பறையை அடிப்பவனைத் தாழ்த்தி வைத்தது. கடல் கடந்து வந்தும் சாதி அவன் தோளிலிருந்து இறங்கவில்லை. ஸ்டபில்ஃபீல்டுக்கு நேர்ந்த அநீதி கண்டு வருந்தும் ஒருவர், தம் தோட்டத்துத் தப்புக் கலைஞனை வாசலுக்கு வெளியே நிறுத்தி, அவன் பெயரைக் கேளாமல் கூலியை மட்டும் நீட்டுவாராயின், அவர் வருத்தம் எத்தகையது? தொலைவிலுள்ள துயருக்கு இரங்குதல் எளிது. அது தன்னிடம் யாதொன்றையும் கேட்பதில்லை.

இதனால் இளைஞன் ஹார்மோனிக்காவை எறிந்துவிட்டுத் தப்பை எடுக்க வேண்டும் என்பது முடிவாகாது. தப்படித்தல் இழிவின் சின்னமாகத் தம்மீது சுமத்தப்பட்டதென்று, அதனைக் கைவிடத் துணிந்தோரும் அச்சமூகத்தில் உளர். அவர்கள் முடிவு மதிக்கத்தக்கது. கலையைக் காக்கும் பொறுப்பை இழிவுபடுத்தப்பட்டவன் தலையிலேயே மீண்டும் ஏற்றுவது நீதியன்று. வேண்டப்படுவது வேறு. தொலைவிலிருந்து வந்த தாளத்துக்குத் திறந்த செவி, அண்டையில் ஒலிப்பதற்கும் திறத்தல் வேண்டும். அடிப்பவனை ஆசானாக அமரச்செய்து கேட்கும் மனம் வேண்டும். கற்றால் அவன் பெயரைச் சொல்லுதல் வேண்டும். மேடையும் ஊதியமும் வரின் அவனுக்குரிய பங்கு அவனைச் சேர்தல் வேண்டும்.

ஆகவே, பிறர் துயரிற் பிறந்த இசைக்கு உரிமையுடையார் யார் என்ற வினாவே திருத்தம் வேண்டுவது. கடன்பட்டார் யார் என்று அதனைக் கேட்டல் தகும். தோட்டத்து முன்னோரைப் பிணித்த கடன், எழுத்தறியாதார்மீது பிறர் எழுதிய பொய்க் கணக்கு. இசைக்கடனோ கற்பவன் தானே அறிந்து ஏற்பது. தீர்ந்துவிட்டதென்று என்றும் சொல்லவியலாதது. ஹார்மோனிக்காவில் உள்ளிழுக்கும் மூச்சும் இசையாகிறது, வெளிவிடும் மூச்சும் இசையாகிறது. பெறுதலும் தருதலும் அவ்வாறே ஒன்றையொன்று தொடரும்வரை, நோர்வூட்டில் ஒலிக்கும் அந்த அயல்நாட்டுப் பாட்டைக் களவென்று சொல்ல எவர்க்கும் இடமில்லை.